பின்னங்கால் இல்லாத நாற்காலி

நம் கம்பெனியின் டிராயிங் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பதால் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுதுவதற்கு முன் உங்களை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தேன். அதுதான் வம்பாகப் போயிற்று. உங்களில் ஒருவர் திரையில் ஒரு நாற்காலியைக் காட்டி, "இது கிளாசிக், மேடம்" என்றார். ஏன் கிளாசிக் என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த எரிச்சல் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. ஆகையால் இதில் அறிவுரையைவிடக் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நவீன வடிவமைப்பின் வரலாறு பற்றி நான் பேசும்போது எந்த வடிவமைப்பாளரின் பெயரும் வராது. சொன்னால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுப்பீர்கள், பெயரைத் தட்டுவீர்கள், படம் வரும், படித்தாகிவிட்டது என்று போனை மூடி வைப்பீர்கள். நானும் ஆரம்பத்தில் ரொம்ப நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நான் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக்கல் டிராயிங் படித்தவள். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஸ்டீல் பர்னிச்சர் கம்பெனியிலேயே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டியவள். பீரோவா, பள்ளிக்கூட பெஞ்சா, ஆபீஸ் மேஜையா, எது சொன்னாலும் அளவு போட்டு வரைந்து கொடுத்துவிடுவேன். அது ஏன் அந்த உயரம், அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. முதலாளியின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, மீட்டிங்கில் ஜெர்மனி, டென்மார்க், இத்தாலி என்று அடுக்க ஆரம்பித்தார். நாங்கள் சின்னவர் என்று சொல்வோமே, அவர்தான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் தலையாட்டினோம். எனக்கும் கழுத்து தானாக ஆடியது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதை நினைத்தால் அவமானமாக இருந்தது. நான் வடிவமைப்பு வரலாறு படிக்க ஆரம்பித்தது அறிவுத் தாகத்தால் அல்ல, ரோஷத்தால். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் தனியாக உட்கார்ந்து படிப்பது என்ன பேஜாரு என்று உங்களுக்குத் தெரியாது. யூடியூபில் ஒரே ஒரு நாற்காலியைப் பற்றி ஒருமணி நேரம் பேசுவார்கள். அந்த ஒருமணி நேரத்தில் ஒரு ஆள்கூட அதில் உட்கார மாட்டான். வெள்ளை அறை, ஜன்னல் வெளிச்சம், நடுவில் நாற்காலி. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்கூட இருக்காது. நான் அதையெல்லாம் நம்பினேன். வருடம், ஊர், எந்தப் பள்ளியில் யாருக்கு யார் சிஷ்யர் என்று பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி நெட்டுருப் போட்டேன். அலங்காரம் தேவையில்லாத பாரம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு, வீட்டு ஷோகேஸில் இருந்த சோழிப் பொம்மைகளை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்து வந்து காலி ஷோகேஸைப் பார்த்தார்.

"அந்த சோவி பொம்மை இன்னா பாவம் பண்ணுச்சு? ஒன்கிட்ட சோறா கேட்டுச்சு? எட்த்து வைம்மே" என்றார்.

எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் வாதம் செய்துவிட்டுத்தான் வைத்தேன். அந்தக் காலத்தில் என்னோடு யாரும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது.

எனக்கு உருப்படியான படிப்பு கிடைத்தது காயலான் கடையில். ராயபுரத்தில் கப்பல் சாமான் விற்கிற பழைய இரும்புக் கடைகள் சில அப்போதும் இருந்தன. உடைக்கப் போன கப்பல்களின் சாப்பாட்டு அறை நாற்காலி, கேப்டன் மேஜை, விளக்கு எல்லாம் அங்கே மலை மாதிரி குவிந்திருக்கும். வீடியோவில் பார்த்த ஒரு நாற்காலியின் தங்கச்சி மாதிரி ஒன்று அங்கே கிடந்தது. ஆசையாகப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தேன். உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு கொக்கி. கடல் கொந்தளிக்கும்போது நாற்காலி ஓடாமல் இருக்கத் தரையோடு சங்கிலி போட்டுக் கட்டுகிற கொக்கி. அதன் பக்கத்தில் ஒரு பழைய வெல்டிங், அதற்கு மேல் இன்னொரு வெல்டிங். இரண்டு முறை உடைந்து இரண்டு முறை யாரோ சரி செய்திருக்கிறார்கள். எந்தப் படத்திலும் இது இல்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போய்விடுவேன். கடைக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி வெச்சுட்டுப் போம்மா. வாராவாரம் வந்து கவுத்துப் போட்டுட்டு பூட்ற, அத்த நிமித்தி வெக்க ஆளு நானா?" என்று கத்துவார்.

நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்ததைக் கவிழ்ப்பேன்.

இந்த நிலையில்தான் சின்னவர் ஒரு படத்தோடு என் மேஜைக்கு வந்தார். பின்னங்கால் இல்லாத நாற்காலி. நீங்கள் திரையில் காட்டினீர்களே, அதே வம்சம். ஒரே ஸ்டீல் பைப், முதுகிலிருந்து இறங்கி, உட்காரும் இடத்துக்கு அடியில் ஓடி, முன்பக்கம் தரைக்கு இறங்கி, அங்கே வளைந்து தரையோடு பின்னால் போய் மறுபக்கம் ஏறும். உட்கார்ந்தால் லேசாக ஆடும். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. ராயபுரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு கல்யாண மண்டபத்துக்கு முழு ஹாலுக்கும் இதையே போடப் போகிறோம் என்றார்.

எனக்கு அதன் கதை கொஞ்சம் தெரியும். முதலில் செய்த ஆள் எரிவாயுக் குழாய்த் துண்டுகளை எல்போ போட்டு முட்டி முட்டியாக இணைத்துச் செய்தார். யார் முதலில் யோசித்தது என்று கோர்ட்டு வரைக்கும் போனார்கள். ஆரம்பத்தில் செய்தவை தாங்காமல் பைப்புக்குள் கம்பி செருகியதும் உண்டு. இதைச் சொல்லி, கனம் கூடிய பைப் போடலாம், இல்லாவிட்டால் பின்னால் இரண்டு கால் வைத்துவிடலாம் என்றேன். சின்னவர் சிரித்தார். "கால் வெச்சா அது சாதாரண நாற்காலி, மேடம்" என்றார். கனத்தைக் கூட்ட மட்டும் சம்மதித்தார். வரைந்து கொடுத்தேன்.

பைப் வளைக்கிற மெஷினில் அப்போது இருந்தவன் டில்லி. கொருக்குப்பேட்டைக்காரன். பைப் வளைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வளைவின் உள்பக்கம் நசுங்கக் கூடாது, வெளிப்பக்கத் தகடு ரொம்ப மெலியக் கூடாது. டில்லி வளைத்த பைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே வளைவு ஆரம்பிக்கிறது என்று தெரியாது. மண்டபத்து நாற்காலிகள் அத்தனையும் அவன் வளைத்தவை. திறப்பு விழாவில் எல்லாரும் ஆடி ஆடி உட்கார்ந்து சிரித்தார்கள். சின்னவர் படம் எடுத்து கேட்டலாக்கில் முதல் பக்கத்தில் போட்டார். காலி ஹால், ஜன்னல் வெளிச்சம், வரிசையாக நாற்காலிகள்.

இரண்டு வருடம்கூட இருக்காது. ஒரு நிச்சயதார்த்தத்தில் நாற்காலி ஒன்று முன்பக்கக் கீழ் வளைவில் முறிந்து, அதில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தலை தப்பியது கடவுள் புண்ணியம். மறுநாள் முறிந்த நாற்காலியை மண்டபத்திலிருந்து அனுப்பினார்கள். முறிவைத் துடைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. வளைவில்தானே முறிந்திருக்கிறது, வளைத்தவன் தப்பு. முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். முறிந்த நாற்காலியை அன்றே பழைய இரும்போடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். டில்லியை இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அதைவிட ஆத்திரம் எதில் என்றால், டில்லியும் அதை ஒப்புக்கொண்டதில். கம்பெனி கேட் அருகே அவனைப் பிடித்தேன்.

"நீ வளைச்சது நசுங்கினா எனக்குத் தெரியாதாடா? உள்ள போய் நான் செய்யலன்னு சொல்லு" என்றேன்.

"இல்லக்கா. அந்த ஆர்டரு ஓடிக்கினு இருந்தப்போ அமுலு ஆஸ்பத்திரில இருந்துச்சு. என் புத்தியே இங்க இல்ல. ஏதோ ஒண்ணு ரெண்டு பீஸு சொதப்பி இருப்பேன். என் கைதான்க்கா" என்றான்.

அவன் மனைவி பிரசவத்தில் கஷ்டப்பட்ட சமயம் அது. இவன் மனதில் ஒரு சந்தேகம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. முதலாளி சொன்னதும் அது தீர்ப்பாகிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் நடந்தது அடுத்த கம்பெனிக்கு டீ நேரத்துக்குள் போய்விடும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை டில்லி வேலை கேட்டுப் போன இடமெல்லாம், கை போன ஆள் என்று திருப்பி அனுப்பினார்கள். பைப் வளைக்கிறவனுக்குக் கை போய்விட்டது என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

நான் மறுபடி புத்தகங்களிடம் போனேன். வீடியோ, கட்டுரை, லைப்ரரியில் கிடைத்தது என்று ஒன்று விடாமல் தேடினேன். பின்னங்கால் இல்லாத நாற்காலி ஏன் முறிகிறது? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எப்படிப் பிறந்தது, எந்தக் கண்காட்சியில் வைத்தார்கள், எந்த மியூசியத்தில் இருக்கிறது, எல்லாம் இருந்தது. வாங்கிப்போன வீட்டில் அது பத்து வருடம் என்ன ஆனது, யார் அதன் மேல் ஏறி நின்று பல்பு மாட்டினார்கள், யார் துடைத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. படம் எடுத்ததோடு இவர்களுக்குச் சரித்திரம் முடிந்துவிடுகிறது! அன்றைக்கு அந்த லைப்ரரியில் உட்கார்ந்து எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை ஓங்கி மூடினேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வேறு மேஜைக்குப் போனார்.

சரி, புத்தகத்தில் இல்லாவிட்டால் மண்டபத்தில் இருக்குமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்து நேரே அங்கே போனேன். முதல்நாள் ஒரு விருந்து நடந்திருந்தது. ஹால் முழுக்கப் பிரியாணி வாசனை. மண்டபத்து வாட்ச்மேன் அந்தோணி, நாற்காலிகளையெல்லாம் பின்பக்கம் இருக்கும் சிமெண்ட் தரைக்கு இழுத்து வந்து, ரப்பர் டியூப் வைத்துப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். கையலம்பும் சோப்பு நுரை, சால்னா எண்ணெய், கேக் கிரீம் எல்லாம் போக வேண்டுமே. நம் பக்கத்தில் மண்டபத்து நாற்காலியை யார் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்? ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் குளிப்பாட்டுவதுதான் வழக்கம். நான் எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். வரையும்போது ஒருமுறைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தோணி ஒரு நாற்காலியைத் தூக்கி வெயிலில் வைத்தார். உள்ளே களுக்கென்று ஒரு சத்தம்.

"அது இன்னா சத்தம், அந்தோணி?"

"தண்ணிதான் மேடம். எல்லா சேரும் இப்டித்தான் சத்தம் போடும். பசங்க ஆட்டி ஆட்டி வெளாடும்" என்றார் சாதாரணமாக.

நாற்காலியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். நாலு கால் நாற்காலி என்றால் உள்ளே போகும் தண்ணீர் காலின் அடி வழியாக எப்படியாவது இறங்கிவிடும். இதில் தரையோடு ஓடுகிற பைப்புக்கு முனையே கிடையாது. பலகையை முடுக்கிய ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் கீழ் வளைவில் போய்த் தங்கும். அங்கேதான் உட்காருகிறவரின் பாரம் முழுக்க இழுக்கும். கடலோரக் காற்று, உப்புத் தண்ணீர் கலந்த போர்வெல், தங்கிப்போன ஈரம். வெளியே குரோம் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னும். உள்ளே துரு அரித்துக்கொண்டே போகும். முதலில் செய்த நாட்டில் அதை வீட்டுக்குள் கணப்புப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். ரப்பர் டியூப் வைத்து அவர்கள் பீய்ச்சவில்லை.

அந்தோணியிடம் ஆக்சா பிளேடு வாங்கி ஒரு நாற்காலியைக் கீழ் வளைவில் அறுத்தேன். பாதி அறுக்கும்போதே டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. வளைவின் அடிப்பக்கம் தகடு முழுவதும் அரித்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அறுத்த துண்டின் மேல்பக்கம், தண்ணீர் நிற்காத இடம், புத்தம் புதிதாக ஒரே கனத்தில் இருந்தது. நசுங்கல் இல்லை, மெலிவு இல்லை.

இப்போது நன்றாகக் கேளுங்கள், உங்களுக்கு உபயோகப்படப்போவது இந்த இடம்தான். அன்று சாயங்காலம் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. முதலாளிக்குப் போன் போட்டேன். "இன்னிக்கி ஒரு நாள் ஓட்டிட்டு நாளைக்கிப் பாத்துக்கலாம்மா" என்றார். சின்னவருக்குப் போட்டேன். "ஒரு பீஸ வெச்சு முடிவு பண்ண முடியாது மேடம், நல்லதா கெட்டதான்னு பிரிச்சுப் பாருங்க" என்றார். எப்படிப் பிரிப்பது? அத்தனையும் ஒரே மாதிரி மின்னுகின்றன. களுக்கென்று சத்தம் போடுவதில் தண்ணீர் இருக்கிறது, சரி. சத்தம் போடாததில் தண்ணீர் காய்ந்து துரு மட்டும் இருக்கலாம். பார்த்துப் பிரிக்க முடியாததை மொத்தமாகத்தான் ஒதுக்க வேண்டும். நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணத்தைக் கெடுத்தவள் ஆவேன், டில்லி கேஸும் அதோடு அடிபட்டுப் போகும். சரியாக இருந்து சும்மா வந்துவிட்டால், இன்னொருவர் விழுவார், அது சின்னக் குழந்தையாகக்கூட இருக்கலாம். இவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

பெண்ணின் அப்பா துறைமுகத் தொழிலாளி. பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தவரிடம் போய், இந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம், வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவிடலாம் என்றேன். மனிதர் கொதித்துப் போனார்.

"இன்னாம்மா வெளாட்றியா? சேருக்காகத்தாம்மா எம் பொண்ணு இந்த ஹாலே வோணும்னுச்சு! போட்டோல பாத்துட்டு அடம் புடிச்சுது. பிளாஸ்டிக் சேரு போட்டு ரிசப்ஷன் வெச்சா மாப்ள வூட்டுக்காரன் காறித் துப்புவான்!"

பக்கத்தில் இருந்த ஒரு நாற்காலியை அவர் கையில் கொடுத்து ஆட்டிப் பாருங்கள் என்றேன். களுக் என்றது. அறுத்த துண்டை நீட்டினேன். கட்டை விரலால் அழுத்தினார். துரு பொலபொலவென்று அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. இரும்போடு காலம் தள்ளியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"டேய், வண்டி எட்றா!" என்று பந்தல்காரனைப் பார்த்துக் கத்தினார்.

சாயங்காலத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து, பச்சைத் துணி போர்த்தி, பின்னால் முடிச்சும் போட்டாகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இன்ன ஆள்தான் செய்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. கழுவலாம், அடுக்கலாம், ட்ரைசைக்கிளில் ஏற்றலாம், தண்ணீர் ஒழுகுவதற்கு உட்காரும் இடத்திலேயே வழி இருக்கிறது. உலகத்தில் அதிகம் பேர் உட்கார்ந்த நாற்காலி அதுவாகத்தான் இருக்கும். நான் பார்த்த வரலாற்றுப் புத்தகங்கள் அதற்கு அரைப் பக்கம் கொடுத்தால் அதிகம். அன்று அதில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

சின்னவர் வரவேற்பு நடுவில் கோபமாக வந்தார். பின்பக்கம் கூட்டிப்போய் இன்னும் இரண்டை அவர் எதிரிலேயே அறுத்தேன். ஒன்று முதலில் அறுத்ததைவிட மோசம். அவருடைய ஷூவெல்லாம் சிவப்புத் தண்ணீர். "ஒரிஜினல் டிசைன்ல இதப்பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. படத்தைப் படித்தவர், அவ்வளவுதான். மறுநாள் நாற்காலிகள் அத்தனையும் லாரியில் திரும்பி வந்தன. முதலாளி துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டில்லியை வரச் சொல்லு என்றார். வருத்தம் தெரிவிக்கிற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலையே அறுத்த துண்டை எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். கூட்ஸ் வண்டிகள் நிற்கிற யார்டை ஒட்டிய சந்தில் டில்லியின் வீடு. அவன் வீட்டில் இல்லை. அமுலு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க போவாரு, அங்கதான். டெய்லி அந்தக் கை ஒடஞ்ச பெரியவரு வூட்டுக்குப் பூட்றாருக்கா. அவருக்குப் பொஞ்சாதி இல்ல, பையன் வேலைக்குப் பூட்றான். இவுருதான் கட்டுப் போட்ட கைய நனையாம புடிச்சுக் குளிப்பாட்டி வுட்டு, சோறு ஊட்டிட்டு வர்றாரு. மொத நாளு போயி அவரு கால்லயே வுயுந்துட்டாராம். சேரு ஒடஞ்சது என்னாலதான்னு சொல்லி."

எனக்கு இது தெரியாது. கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. அவளிடம் விலாசம் கேட்டு, வந்த வழியே திரும்பி ராயபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். டில்லி அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையிலிருந்து வெளியே தெரிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் பைப் துண்டை அவன் கையில் கொடுத்தேன். டில்லி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்ளே பார்த்தான். அரித்த இடத்தைப் பார்த்தான். பிறகு அரிக்காத பக்கத்தில் விரலை விட்டு வளைவு முழுக்கத் தடவினான். மறுபடியும் தடவினான்.

"நசுங்கல" என்றான்.

"நசுங்கலடா. அறுத்ததுல ஒண்ணுகூட நசுங்கல. உள்ள தண்ணி நின்னு துருப்புடிச்சு முறிஞ்சிருக்கு. டிராயிங்குல தண்ணி வெளிய போக வழி வைக்கல. உன் கை இல்ல" என்றேன். முதலாளி கூப்பிடுகிறார் என்பதையும் சொன்னேன். அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீ பண்ணலியா?"

"இல்ல நைனா."

"நீ பண்ணலன்னா எதுக்குடா என் கால்ல வுயுந்த? எதுக்கு டெய்லி வந்து எனுக்குக் குளிப்பாட்டி வுட்டுக்கினு கீற?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

டில்லி பைப் துண்டைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான்.

"வேற யாரும் வரலியே நைனா" என்றான். "யாராச்சும் ஒருத்தரு வரணும்ல."

அந்த நாற்காலியை வரைந்தவள் நான்; அந்த வீட்டு வாசலை மிதித்ததே அன்றுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.